முப்பத்து மூன்று ஹப்புகள்

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் அயூப் பாய் கட்டின வீல் ஆடாது என்று ஒரு பேச்சு உண்டு. பால்காரர்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கள், சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டி இழுக்கிறவர்கள், யாரைக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவார்கள். சுத்தப் பொய். அயூப் தன் ஆயுசில் ஒரு வீல் ஒழுங்காகக் கட்டினவர் இல்லை. பஞ்சர் ஒட்டுவார், பிரேக் கட்டை மாற்றுவார், வாய் ஓயாமல் பேசுவார். வீல் கட்டியது அவர் தங்கை ஷரீஃபா. கடைக்குப் பின்னால் ஒரு சாக்குப் படுதா தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் கட்டினாள். போன வருஷம், தொண்ணூற்றாறில், மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அதற்கப்புறம் அந்தக் கடை வீல் ஆடுகிறது. "பாய்க்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது" என்று பால்காரர்கள் பரிதாபப்படுகிறார்கள். கேட்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் தோத்தாத்ரி. பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுக்கிறவன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆபீசரையும் திட்டுவேன், பியூனையும் திட்டுவேன், கையெழுத்துப் போடத் தெரியாமல் பேனாவை நக்குகிற கட்சிக்காரனையும் திட்டுவேன். மற்றவர்களுக்காக ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஷரீஃபாவுக்காக ஒரே ஒரு தடவை எழுதினேன், அதுவும் தப்பாக எழுதினேன். அதனால்தான் இது.

மூன்று வயதில் போலியோ வந்து அவளுக்கு இரண்டு காலும் போய்விட்டது. உள்ளங்கைக்கும் முழங்காலுக்கும் பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டு தரையோடு நகர்ந்துதான் எங்கேயும் போக வேண்டும். அத்தா ஜமால் உயிரோடிருந்த காலத்தில், வீட்டில் தனியாக விடப் பயந்து கடைக்குத் தூக்கி வந்து படுதாவுக்குப் பின்னால் உட்கார வைப்பார். அவருக்கு இருந்த வேலையில் அவளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அவள் பாட்டுக்குப் பிரித்துப் போட்ட சாமான்களை நோண்டிக்கொண்டிருந்தாள். கோணின வீல்களைக் கம்பி கம்பியாகப் பிரித்து, மறுபடி கோத்து, மறுபடி பிரித்து, பதினாறு வயதில் கடையில் யாருக்கும் வராத வேலை அவளுக்கு வந்துவிட்டது. அத்தா இறந்தபின் அயூப் அதை வெளியே சொல்லவில்லை. "பொட்டப்புள்ள கட்ன வீலுன்னு தெரிஞ்சா எவன் ஏறி குந்துவான்?" என்பது அவர் வாதம். தங்கையை அடித்தவரில்லை, பட்டினி போட்டவரில்லை. அவளை ஒரு ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஹப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம் மாதிரி, சைக்கிள் வீலுக்கு நடுவில் இருப்பது ஹப்பு. அதன் இரண்டு முனையிலும் உள்ளே ஒரு கப்பு. கப்புக்குள் பால்ஸ், அதாவது சின்ன இரும்புக் குண்டுகள், உருளும். அச்சில் மாட்டிய கோன் பால்ஸை அழுத்திப் பிடித்திருக்கும். முப்பத்தாறு கம்பியும் அதிலிருந்துதான் கிளம்பி ரிம்முக்குப் போகின்றன. ரிம் கோணினால் நிமிர்த்தலாம், கம்பி அறுந்தால் மாற்றலாம், ஹப்பு மட்டமாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்பாள் ஷரீஃபா.

அவள் ஹப்பு பொறுக்குகிற விதமே தனி. பளபளப்பைப் பார்க்க மாட்டாள். ஒரு சின்ன அரத்தை எடுத்துக் கப்புக்குள் விட்டு லேசாக ஒரு இழுப்பு இழுப்பாள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கப்பு நன்றாகக் காய்ச்சி இறுகினது. அரம் கடித்தால் பச்சை இரும்பு. பச்சை இரும்பில் பால்ஸ் நாளடைவில் பள்ளம் தோண்டும், கோன் விரியும், வீல் ஆடும், பாரம் ஏற ஏற ஒருநாள் மடங்கும். மேலே முலாம் பூசிவிட்டால் இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. ஹப்பைப் பிரித்தால் மண்ணெண்ணெயில் கழுவிப் பஞ்சு ஒட்டாத துணியில் துடைப்பாள். ஒரு பால் உடைந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற மாட்டாள். தேய்ந்த எட்டுக்கு நடுவில் புதுசு ஒன்று போட்டால் எல்லா பாரமும் அந்தப் புதுசின் தலையில் ஏறிவிடுமாம். மொத்தமாக மாற்றுவாள். ஆயுத பூஜை முடிந்து சைக்கிள்கள் வந்தால் படுதாவுக்குப் பின்னாலிருந்து கத்தல் கேட்கும். "சாமி கும்பிடு, வேணான்னு சொல்லல. எண்ணெ ஊத்துற ஓட்டையில இன்னாத்துக்கு விபூதிய போடறே?" வந்தவன் அது பாயின் அம்மா என்று நினைத்துக்கொண்டு தலையைச் சொறிவான்.

எண்பத்தாறு ஜூலையில் ஒரு சேவா சங்கம் கால் இல்லாதவர்களுக்கு இலவசமாக நாற்பது மூன்று சக்கர வண்டி கொடுப்பதாக அறிவித்தது. கையால் பெடல் சுற்றி ஓட்டுகிற வண்டி. விண்ணப்பம் நாற்பதையும் டைப் அடித்தது நான். அதில் ஒன்று ஷரீஃபாவுடையது. அவளை நான் பார்த்ததுகூட இல்லை, அயூப் வந்து விவரம் சொன்னார். "தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. "இன்னா தொழிலு சார், ஒண்ணியும் இல்ல" என்றார். நான் "இல்லை" என்று அடித்தேன்.

வண்டிகளைப் பூட்டிக் கொடுக்கிற காண்டிராக்ட் லோகநாதன் என்பவனுக்கு. அவன் வீல் வேலையை அயூபிடம் விட்டான். வண்டிக்கு மூன்று வீதம் நூற்றிருபது வீல். ஹப்புகள் எங்கிருந்தோ சாக்குமூட்டையில் வந்திறங்கின. பெட்டி கிடையாது, கம்பெனிப் பெயர் கிடையாது, முலாம் மட்டும் கண்ணைப் பறித்தது. ஷரீஃபா அரத்தை எடுத்து உட்கார்ந்தாள். நூற்றிருபதில் முப்பத்து மூன்றில் அரம் கடித்தது. அவற்றைத் தனியாகக் குவித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இந்த முப்பத்து மூணும் ஆகாது. திருப்பி அனுப்பு."

"ஆகஸ்ட் பதினேழாம் தேதி பங்ஷன். எங்க போயி திருப்பறது?" என்றார் அயூப்.

"அப்ப நான் கட்ட மாட்டேன்."

லோகநாதனே வந்தான். படுதாவை விலக்கிக் குனிந்து பார்த்து, சிரித்தான் என்று ஷரீஃபா பிறகு என்னிடம் சொன்னாள். "இவங்க இன்னா, ரேஸா ஓட்டப் போறாங்க? வூட்லருந்து தெருமுனை, தெருமுனைலருந்து வூடு. நீ கட்டு தங்கச்சி. உனக்கும் ஒரு வண்டி லிஸ்டுல கீது. வேணாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. முப்பத்தொரு வயசு. முடிச்சூர் ரோட்டைத் தவிர எதையும் தானாகப் போய்ப் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவளை யார் குற்றம் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

கட்டுவதென்று முடிவானதும் அவள் ஒரு கணக்குப் போட்டாள். மட்டமான முப்பத்து மூன்றையும் வண்டிக்கு ஒன்றாகப் பரப்பினால் முப்பத்து மூன்று பேருக்கு ஆபத்து. மூன்று மூன்றாக ஒரே வண்டியில் சேர்த்தால் பதினொரு வண்டியோடு போய்விடும். மீதி இருபத்தொன்பது பேர் நிம்மதியாக ஓட்டலாம். பதினொன்றின் நம்பரை ஞாபகம் வைத்துக்கொண்டு, பங்ஷன் முடிந்ததும் ஒவ்வொருவராகத் தேடிப் போய் மாற்றிவிடலாம். இப்படி யோசித்து அப்படியே கட்டினாள். தனக்கு வரப்போகிற வண்டி நல்ல இருபத்தொன்பதில் ஒன்று. அதையும் அவள் என்னிடம் மறைக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பங்ஷன் நடந்தது. மாலை, மைக், போட்டோ எல்லாம் ஆயிற்று. எந்த நம்பர் வண்டி யாருக்கு என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கொடுத்தது நான். ஷரீஃபா அன்று தன் வண்டியில் ரயில்வே கேட் வரை போய், மின்சார ரயில் இரண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் மனுஷர்களின் இடுப்பு இல்லாமல் முகம் தெரிகிறது என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

செப்டம்பரில் ஒரு காலை என் முன்னால் அவள் வண்டி வந்து நின்றது.

"சார், அந்த லிஸ்டு உங்களண்ட கீதா? பதினோரு நம்பர் சொல்றேன். பேரும் ஊரும் வேணும்."

"அதெல்லாம் சங்கத்து சமாசாரம். கண்டவங்களுக்குக் காட்ட முடியாது. போம்மா" என்றேன்.

அவள் போகவில்லை. மடியிலிருந்து, கடைக்கு வேறு யாரோ கொண்டுவந்த அதே மாதிரி பளபளப்பான ஒரு ஹப்பையும் அரத்தையும் எடுத்து என் டைப்ரைட்டர் மேலேயே வைத்தாள். "தேச்சுப் பாருங்க" என்றாள். தேய்த்தேன். கடித்தது. இன்னொன்று கொடுத்தாள், பழசு, கருத்துப்போனது. தேய்த்தேன். வழுக்கியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வீல் கட்டியது தான் என்பதையும் சொன்னாள். நான் நம்பாமல் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கம்பி குத்தின தழும்பு. அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்குத்தான் நான் "தொழில்: இல்லை" என்று அடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும், லோகநாதனை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். திட்டி முடிக்கிறவரை காத்திருந்து, "லிஸ்டு சார்" என்றாள்.

மாற்றுவதற்குப் புது ஹப்பு கேட்டால் அயூப் கொடுக்க மாட்டார். அவள் கடையின் பின்பக்கம் குவிந்து கிடந்த உடைசல் சைக்கிள்களிலிருந்து பொறுக்கினாள். இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஹப்புகள். மேலே முலாம் உரிந்து துருவேறியிருந்தாலும் உள்ளே கப்பு கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, புது பால்ஸ், புது கிரீஸ் போட்டு, மூன்று மூன்றாக மூட்டை கட்டி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் என் சைக்கிளில் அந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு கூடவே போனேன். ஏன் போனேன் என்றால், வேறு யாரும் போக மாட்டார்கள், அதனால் போனேன்.

முதல் வீட்டிலேயே தகராறு. மண்ணிவாக்கத்தில் முனிரத்தினம் என்று ஒரு பெரியவர். ஷரீஃபா அவர் வண்டியைச் சாய்த்து, வீலைக் கழற்றி, பளபளக்கிற ஹப்பை எடுத்துவிட்டுக் கருப்பு ஹப்பை வெளியே எடுத்ததும் மனுஷன் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார். புதுச் சாமானைத் திருடிக்கொண்டு பழைய இரும்பை மாட்ட வந்திருக்கிறோமாம். தெருவே கூடிவிட்டது. அடி விழாமல் தப்பியது என் நரைத்த தலையால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு உத்தரவு டைப் அடித்தேன். சங்கத்தின் பெயரில், "மேற்படி வண்டிகளின் சக்கரங்களைச் சோதித்துச் சீர்செய்ய இவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது" என்று. அடியில் எப்போதோ மூடிப்போன ஒரு வாசகசாலையின் வட்ட முத்திரையைக் குத்தினேன். போலிப் பத்திரம்தான். அதைப் பார்த்ததும் முனிரத்தினம் நாற்காலி போட்டார். ஷரீஃபா அவர் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து மூன்று வீலையும் பிரித்துக் கட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அவள் வேலை செய்தாள், ஜனங்கள் என்னைப் பார்த்து "சார் ரொம்ப நல்லவரு" என்றார்கள்.

இப்படியே ஒவ்வொன்றாக. படப்பைக்குக் கையாலேயே சுற்றிக்கொண்டு போய்ச் சேர மூன்று மணி நேரமானது. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பொத்தேரிக்குப் போன அன்று மழை. ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது ஏழே வாரத்தில் கப்பில் நகம் விழுகிற அளவு பள்ளம். அதைப் பார்த்த பிறகு அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச தெம்பும் போய்விட்டது. "சைக்கிளு வளையும்போது சாஞ்சுக்கும் சார். இந்த வண்டி சாயாது. வளையுற இழுப்பெல்லாம் ஹப்புதான் வாங்கணும். அத நான் யோசிக்கல" என்றாள்.

பெருங்களத்தூர் கிளியம்மாளிடம் போனது ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஜி.எஸ்.டி. ரோடு முனையில், தெற்கே போகிற பஸ்கள் நிற்கிற இடத்தில், வேர்க்கடலையும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறவள். ஒரு கால் இல்லை. வண்டி கிடைத்த பிறகு பஸ் பஸ்ஸாக ஓரத்தில் ஓட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்கு நேராக நீட்டி விற்றாள். நாற்பதில் அதிகம் ஓடின வண்டி அதுதான். மூன்று ஹப்பிலும் சந்தனம், குங்குமம். ஹப்பைச் சுற்றி, துடைத்துக்கொண்டே சுற்றுமே, கலர் கலராகக் குஞ்சம் வைத்த வளையம், அதையும் வாங்கி மாட்டியிருந்தாள். நான் உத்தரவை நீட்டினேன்.

"எனக்கு படிக்கத் தெரியாது சார். நாளிக்கு இன்னொருத்தன் இன்னொரு பேப்பரு எடுத்துகினு வருவான். வண்டியவே தூக்கிக் குடுத்துருவேனா?" என்றாள்.

"யக்கா, இது உள்ள மட்டம்க்கா. அரம் வெச்சுக் காட்டறேன், நீயே பாரு" என்றாள் ஷரீஃபா.

"பளபளன்னு கீறது மட்டம், துரு புடிச்சது நல்லதா? இன்னாம்மா கதை உடறே?"

அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஷரீஃபா என் சட்டையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாள். "சார், இருக்கலாம். யாவாரம் முடியட்டும். வூட்டாண்ட போயி பொறுமையா பேசிக்கலாம். பின்வீலு ஒண்ணாவது மாத்திக்கினா போதும்." கிளியம்மாள் அந்த நேரம் பார்த்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "வயசான காலத்துல இரும்பு திருடற பொழப்பு இன்னாத்துக்கு சார்?" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் தெரியவில்லை. பஸ்ஸ்டாப்பே கேட்கும்படி கத்தினேன். பிச்சைக்காரி என்றேன். இன்னும் என்னென்னவோ. கடைசியாக, "எக்கேடோ கெட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டு, ஷரீஃபாவின் வண்டியை நானே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு கிளம்பினேன். அவள் இரண்டு தடவை பிரேக்கைப் பிடித்தாள். நான் விடவில்லை.

அதற்கப்புறம் அவள் தனியாக இரண்டு தடவை போனாள். முதல் தடவை கிளியம்மாள், "அந்தக் கெழவன் கூட வந்தவதானே நீ? போ போ" என்று விரட்டினாள். இரண்டாவது தடவை அவளைப் பார்த்ததுமே வண்டியை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டு வாருங்கள் என்று ஷரீஃபா என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. நானாகவும் போகவில்லை. டிசம்பர் முடிவதற்குள் மற்ற பத்து வண்டியும் முடிந்திருந்தது. பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

போகியன்று பெருங்களத்தூர் முனையில் ஊருக்குப் போகிற கூட்டம் தெரியுமல்லவா, ரோடு தெரியாது. காலை பதினொரு மணி சுமாருக்குக் கிளியம்மாள் ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்காக வண்டியைச் சட்டென்று வளைத்திருக்கிறாள். பின்வீல் இரண்டும் மடங்கின. பின்னால் வந்த பஸ்ஸுக்கு நிற்க இடமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

எனக்கு மாட்டுப் பொங்கலன்று தெரிந்தது. ஷரீஃபாவிடம் போய் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. "வண்டி எங்க கீது?" என்று மட்டும் கேட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் இருவரும் போனோம். கிளியம்மாளின் மகள் ஜெயக்கொடி, இருபது வயசிருக்கும், வாசலில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த வண்டி சுவர் ஓரமாகச் சாத்தியிருந்தது. பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஷரீஃபா தன் வண்டியிலிருந்து இறங்கி, தரையோடு நகர்ந்துபோய், பின் ஹப்பு இரண்டையும் விரல் விட்டுத் துழாவினாள். உடைந்த கோன் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். என்னிடமும் காட்டினாள். அன்று பஸ் மோதி உடைந்திருந்தால் உடைந்த இடம் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இது கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. உடைந்து பல நாள் ஆகியிருந்தது. பஸ் வருவதற்கு முன்பே வண்டி விழுந்துவிட்டது.

"மூணையும் ஒரே வண்டில போட்டேன் சார்" என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். "ஒண்ணு மட்டும் மட்டமா இருந்து அது போயிருந்தா, வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நின்னுருக்கும். ரெண்டும் ஒண்ணா போச்சு."

பிறகு ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினாள். "இந்த வீல கட்னது நான்தான்மா. ஹப்பு மட்டம்னு தெரிஞ்சே கட்னேன். உங்கம்மா சாவு என்னாலதான்."

ஜெயக்கொடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயைப் பறிகொடுத்தவள் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று நான் முன்னால் நகர்ந்தேன். அவள் அடிக்கவில்லை. எழுந்து வந்து ஷரீஃபாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, நீ இன்னாக்கா இப்டியெல்லாம் பேசறே? அது அயூப் பாய் கட்ன வீலு. பாய் கட்னா ஆடாதுன்னு அம்மாவே சொல்லும். பஸ்காரன் குருட்டுத்தனமா வந்தான். நீ உன்ன மாதிரி கால் இல்லாதவங்களுக்கு ஒண்ணுன்னதும் மனசு தாங்காம பேசறே."

"நான்தான் கட்னேன்" என்றாள் ஷரீஃபா மறுபடி.

"சரிக்கா, சரி. அழாதே." ஷரீஃபா அழவேயில்லை. ஜெயக்கொடிதான் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, நொறுங்காமல் முழுசாகத் தப்பியிருந்த முன்வீலைக் கழற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தாள். குஞ்சம் வைத்த வளையம் அப்படியே இருந்தது. "இதாவது நல்லா கீது. ஹப்பு பாரு, எப்டி மின்னுது. அம்மா தெனம் தொடைக்கும். எங்க வூட்ல இத வெச்சுகினு இன்னா பண்றது? உன் வண்டிக்குப் போட்டுக்கோக்கா. அம்மா நெனப்பா இருக்கட்டும்." சொல்லிவிட்டு அதை ஷரீஃபாவின் மடியில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா அந்த வீட்டில்.

திரும்பி வருகிறபோது இரும்புலியூர் தாண்டினோம். அவள் வண்டி முன்னால், என் சைக்கிள் பின்னால். திடீரென்று ஓரமாக நிறுத்தினாள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

"சார், ஒருத்தராவது என்ன திட்டக் கூடாதா?"

நான் சைக்கிளிலிருந்து இறங்கினேன்.

"அண்ணங்கிட்ட சொன்னேன். சும்மா கெட, வெளிய சொல்லாதேன்னுச்சு. அந்தப் பொண்ணு டீ குடுக்குது. நீங்க எல்லாரையும் திட்டுவீங்களே. என்ன ஒரு வார்த்தை திட்டுங்க சார். இல்லேன்னா நான் எப்டி இருக்கறது?"

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். என்ன இருந்தாலும் இதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. "திட்டறதா இருந்தா என்னைத்தான் திட்டணும்மா" என்றேன். "அன்னிக்கு இருக்கலாம்னு நீ சொன்னே. கேக்காம நான்தான் உன் வண்டியைத் தள்ளிண்டு வந்தேன். அந்தப் பொம்பளை அதுக்கப்புறம் உன்னைக் கிட்டவே சேர்க்காததும் என் வாயாலதான்."

அப்படியெல்லாம் இல்லை சார் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"ஆமா சார்" என்றாள். "நானா அத உங்களண்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

மடியிலிருந்த வீல் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெடலைச் சுற்றிக் கிளம்பினாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.